ராணுவப் பணிக்குப் போகிறவரின் 401கே கடன் தவணை என்ன ஆகும்?

கேள்வி கேட்ட சகோதரியின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவர் டெக்சஸில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், கூடவே அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் பிரிவிலும் இருக்கிறார். ஒரு வருடம் முன்பு தன் 401கே ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து 20,000 டாலர் கடன் எடுத்திருக்கிறார். ஐந்து வருடத் தவணை, 8.5 சதவீத வட்டி, சம்பளத்திலேயே பிடித்தம். இப்போது 12 மாத ஆக்டிவ் டியூட்டிக்கு, அதாவது முழுநேர ராணுவப் பணிக்கு, ஆர்டர் வந்துவிட்டது. ஹெச்ஆரில் கேட்டால், "சம்பளம் இல்லாவிட்டால் பிடித்தம் இல்லை. தவணை தவறினால் டீஃபால்ட், வரி வரும்" என்கிறார்கள். அவருடைய யூனிட்டில் இருக்கும் நண்பரோ, "டியூட்டியில் இருக்கும்போது கட்டவே வேண்டாம், சட்டமே இருக்கிறது" என்கிறார். யார் சொல்வது சரி, நிறுத்தி வைப்பது நல்லதா தொடர்ந்து கட்டுவது நல்லதா என்பது கேள்வி.

கட்ட வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவர் இல்லாத 12 மாதம் தவணை நின்றால் அது டீஃபால்ட் ஆகுமா? அந்த 12 மாத வட்டி என்ன ஆகும்? திரும்பி வந்தபின் எப்படிக் கட்டி முடிப்பது? நான் பல வருடங்களாக 401கே திட்டங்களின் நிர்வாக வேலையில் இருக்கிறேன், கடன் கணக்குகள் தினமும் கண்ணில் படும் வேலை. வக்கீல் இல்லை, வரி ஆலோசகரும் இல்லை. அதனால் சட்டத்தில் தெளிவாக இருப்பது எது, உங்கள் கம்பெனியின் திட்ட ஆவணத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

ஹெச்ஆர் ஏன் பயமுறுத்துகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 401கே கடன் வரிச் சட்டத்தில் ஒரு விலக்கு. ஓய்வுக்காலப் பணத்தை முன்கூட்டியே வெளியே எடுத்தால் வரி உண்டு. ஆனால் கடனாக எடுத்து, வீடு வாங்குவதற்கான கடனாக இல்லாத பட்சத்தில் ஐந்து வருடத்துக்குள், ஏறக்குறையச் சமமான தவணைகளில், குறைந்தது காலாண்டுக்கு ஒரு முறையாவது கட்டிவந்தால் வரி கிடையாது. இந்த ஒழுங்கு தவறினால் மிச்சமிருக்கும் கடன் முழுவதும், சேர்ந்த வட்டியோடு, அவர் கையில் வாங்கிய வருமானமாகக் கருதப்படும். தவறிய அன்றே இது நடந்துவிடாது. தவணை தவறிய காலாண்டுக்கு அடுத்த காலாண்டின் கடைசி நாள் வரை திட்டம் அவகாசம் தரலாம். மார்ச்சில் தவறினால் ஜூன் 30 வரை, ஏப்ரலில் தவறினால் செப்டம்பர் 30 வரை. அதுதான் உச்ச வரம்பு. சில திட்டங்கள் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கும்.

உங்கள் கணக்கில் இதன் விலை என்ன? மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால் 20,000 டாலருக்கு மாதம் சுமார் 410 டாலர். 12 தவணை கட்டியபின் பாக்கி சுமார் 16,650 டாலர். அது வருமானமாகக் கணக்கிடப்பட்டு நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் ஏறக்குறைய 3,660 டாலர் வரி. கணவருக்கு 59½ வயது ஆகவில்லை என்றால் 10 சதவீத அபராதம் இன்னும் 1,665 டாலர். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் இதோடு போச்சு. இருந்தாலும் 5,300 டாலருக்கு மேல். இவ்வளவு கட்டியபிறகும் திட்டத்தின் கணக்கில் கடன் அப்படியேதான் நிற்கும், புதுக் கடன் கேட்டால் இதையும் சேர்த்துத்தான் வரம்பு பார்ப்பார்கள். ஹெச்ஆர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை.

இப்போது நண்பர் சொன்ன சட்டத்துக்கு வருவோம். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ராணுவப் பணியில் இருக்கும் காலம் முழுவதுமோ அதில் ஒரு பகுதிக்கோ ஒரு திட்டம் கடன் தவணையை நிறுத்தி வைத்தால், அந்த நிறுத்தத்தை டீஃபால்ட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வரிச் சட்டத்தின் 414(யு) பிரிவு சொல்கிறது. ராணுவத்துக்குப் போகிறவர்களின் வேலை உரிமைக்காக 1994-இல் வந்த யூசெரா சட்டத்தை ஒட்டி வந்த விதி இது. தானாக முன்வந்து போனாலும் சரி, அழைப்பு வந்து போனாலும் சரி, பொருந்தும்.

ஆனால் அந்த வாசகத்தை மறுபடி கவனமாகப் படியுங்கள்: "ஒரு திட்டம் நிறுத்தி வைத்தால்." திட்டம் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. நிறுத்த இடம் கொடுக்கிறது, நிறுத்தினால் வரித்துறை கேள்வி கேட்காது என்கிறது, அவ்வளவுதான். நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் கம்பெனியின் திட்ட ஆவணத்திலோ கடன் விதிமுறைகளிலோ இருக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலான திட்டங்களில் இந்த வரி இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்பது அதைப் படித்தால்தான் தெரியும். ஆகவே "கட்டவே வேண்டாம்" என்று நண்பர் சொன்னதை நம்பி சும்மா கிளம்பிவிடக் கூடாது. சட்டம் திறந்து வைத்திருக்கும் வழியில் உங்கள் திட்டமும் போகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அவர் கிளம்ப வேண்டும். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடைமுறையில் தப்பு நடப்பது சட்டத்தால் இல்லை, தகவல் போகும் பாதையில். 401கே விஷயத்தில் மூன்று தரப்பு இருக்கிறது. கம்பெனியின் ஹெச்ஆர், சம்பளம் போடும் பேரோல், கணக்கைப் பராமரிக்கும் வெளி நிறுவனம். ஒவ்வொரு சம்பள நாளிலும் பேரோலிலிருந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு ஃபைல் போகும். அதில் ஊழியர் பெயருக்கு எதிரே வேலையில் இருக்கிறார், லீவில் இருக்கிறார், வேலையை விட்டுவிட்டார் என்று காட்ட ஒரு சின்னக் குறியீடு. ராணுவ லீவுக்குத் தனிக் குறியீடு இருந்தும் பேரோலில் யாரோ சாதாரணச் சம்பளமில்லா லீவு என்று போட்டுவிடுவார்கள். அதைவிட மோசம், வேலையை விட்டுவிட்டார் என்றே போட்டுவிடுவது. மறுபக்கம் இருப்பது கம்ப்யூட்டர். தவணை வரவில்லை, லீவுக்கான காரணமும் வரவில்லை என்றால் அவகாசம் முடிந்த மறுநாள் அது தானாகவே டீஃபால்ட் போட்டுவிடும். வீட்டுக்குத் தெரிவது அடுத்த ஜனவரியில், ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து வெளியே போன பணத்தை வரித்துறைக்குக் காட்டும் 1099-ஆர் படிவம் தபாலில் வரும்போது. அதன் ஏழாவது கட்டத்தில் 'எல்' என்ற எழுத்து இருந்தால், கடன் வருமானமாக மாற்றப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது உங்கள் கணவர் எந்த நாட்டில் இருப்பாரோ.

சாதாரண லீவு என்று பதிவாவதற்கும் ராணுவ லீவு என்று பதிவாவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. சாதாரணச் சம்பளமில்லா லீவிலும் ஒரு வருடம் வரை தவணையை நிறுத்தி வைக்கத் திட்டங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதில் ஐந்து வருடக் கெடு நீளாது. திரும்பி வந்து மிச்சமிருக்கும் 36 மாதத்தில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது மாதம் சுமார் 572 டாலர். ராணுவ லீவு என்றால் பணியில் இருந்த காலம் கெடுவோடு கூடும். ஐந்து வருடம் ஆறு வருடமாகும், தவணை 436 டாலர் போல வரும். அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

சரி, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது. ஹெச்ஆருக்கும் கணக்கைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள், ஆர்டரின் நகலையும் இணைத்து. அதில் நேராகக் கேட்க வேண்டியவை: ராணுவப் பணிக்காகத் தவணையை நிறுத்தி வைக்க நமது திட்டம் இடம் கொடுக்கிறதா, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து நிறுத்தம் தொடங்கும், பேரோலில் என் நிலை ராணுவ லீவு என்று பதிவாகிவிட்டதா, நிறுத்திய காலத்துக்கு என்ன வட்டி போடுவீர்கள், திரும்பியபின் புதுத் தவணை அட்டவணையை யார் தயார் செய்வார்கள். திட்டச் சுருக்க ஆவணத்தையும் கடன் விதிமுறைகளையும் கேளுங்கள், எழுதிக் கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. போனில் "கவலைப்படாதீங்க, எல்லாம் பார்த்துக்கிறோம்" என்று சொன்னால், நல்ல மனதோடு சொன்னாலும், அதை மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். ஹெச்ஆரில் ஆள் மாறுவார்கள், மின்னஞ்சல் மாறாது.

அப்புறம் உங்களுக்கான ஒரு விஷயம். மனைவி என்பதால் மட்டும் கணக்கு நிறுவனம் உங்களிடம் பேசாது. பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும். ராணுவத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாகவே எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் பொதுவான பத்திரத்தை ஏற்காமல் தங்கள் படிவத்தையே கேட்கும் நிறுவனங்கள் உண்டு, அதனால் முன்கூட்டியே அனுப்பி ஏற்றுக்கொண்டார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இணையக் கணக்கில் நுழைய ஓடிபி அவருடைய செல்போனுக்குத்தான் போகும். டெப்ளாய்மென்ட்டுக்கு முன் பலர் அந்த போன் இணைப்பை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள், பிறகு யாராலும் உள்ளே நுழைய முடியாது. தொடர்பு எண்ணையும் தபால் முகவரியையும் அவர் ஊரில் இருக்கும்போதே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

வட்டி விஷயம். தவணை நின்றாலும் வட்டி நிற்காது, ஒவ்வொரு மாதமும் பாக்கியோடு சேர்ந்துகொண்டே இருக்கும். இதில் உதவிக்கு வருவது இன்னொரு சட்டம், 2003-இல் வந்த எஸ்சிஆர்ஏ. ராணுவப் பணிக்கு முன் வாங்கிய கடனுக்கு, பணிக் காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, மேலே உள்ளதைத் தள்ளிவைக்காமல் தள்ளுபடியே செய்துவிட வேண்டும் என்கிறது. 401கே கடனுக்கும் இது பொருந்தும். ஆனால் அவர் எழுத்தில் கேட்க வேண்டும், ஆர்டர் நகலும் கொடுக்க வேண்டும். பணி முடிந்து 180 நாள் வரை கேட்கலாம், கேட்டால் பணி தொடங்கிய நாளிலிருந்தே கணக்காகும். உங்கள் 16,650 டாலர் பாக்கிக்கு 12 மாதம் 6 சதவீதத்தில் சேரும் வட்டி சுமார் 1,030 டாலர். 8.5 சதவீதமே போட்டால் 1,470. கிட்டத்தட்ட 440 டாலர் வித்தியாசம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. 401கே கடனின் வட்டி வங்கிக்குப் போவதில்லை, அவர் கணக்குக்கே திரும்பிப் போகிறது. ஆகவே தள்ளுபடியாகும் 440 டாலர் அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் வந்து சேராத 440 டாலரும்தான். கார் கடனிலும் கிரெடிட் கார்டிலும் 6 சதவீத வரம்பு முழு லாபம், அவற்றுக்குக் கட்டாயம் கேளுங்கள். 401கே கடனில் அது கைச்சுமையைக் குறைக்கும் வசதி, அவ்வளவுதான். திரும்பி வந்து பணம் நெருக்கடியாக இருக்கும் என்று நினைத்தால் கேளுங்கள். வசதியாக இருந்தால் கேட்காமல் விட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆர்டரைப் பார்த்ததுமே தாங்களாக 6-க்கு இறக்கிவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன, அப்படிச் செய்தால் பிரச்சினை ஏதும் இல்லை.

திரும்பி வந்தபின் என்ன? பணி முடிந்ததும் தவணை மறுபடி தொடங்க வேண்டும். பழைய தவணையைவிடக் குறைவாக இருக்கக் கூடாது, பழைய இடைவெளியைவிட அதிக இடைவெளியும் விடக் கூடாது. முழுக் கடனும், சேர்ந்த வட்டியோடு, ஐந்து வருடக் கெடுவுடன் பணிக் காலத்தைக் கூட்டினால் வரும் தேதிக்குள் முடிய வேண்டும். 12 மாதப் பணி என்றால் கடன் எடுத்த நாளிலிருந்து 72 மாதம். அவர் திரும்பும்போது 24 மாதம் ஓடியிருக்கும், 48 மாதம் மிச்சம். 6 சதவீதத்தில் வளர்ந்த பாக்கி சுமார் 17,670 டாலர். பழைய 8.5 சதவீத வட்டிக்கே திரும்பி அதை 48 மாதத்துக்குப் பரப்பினால் மாதம் சுமார் 436 டாலர். முன்பு கட்டியதைவிட 26 டாலர்தான் அதிகம். அல்லது பழைய 410 டாலரையே கட்டிவந்து கடைசியில் சுமார் 1,440 டாலரை மொத்தமாக அடைக்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். நான்கு வருடம் கழித்து ஒரு மொத்தத் தொகை வரப்போகிறது என்பதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, கடைசி மாதத்தில் அதுவே டீஃபால்ட்டாக வந்து நிற்கும். இந்த எண்கள் மாதத் தவணைக்கு நான் போட்டவை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிடித்தம் என்றால் சில டாலர் அப்படி இப்படி மாறும்.

ஒரு நுணுக்கமான இடம் இருக்கிறது. 180 நாளுக்கு மேல் பணியில் இருந்தவர், விடுவிக்கப்பட்டபின் பழைய வேலையைத் திரும்பக் கேட்க யூசெரா 90 நாள் தருகிறது. பலர் அந்த மாதங்களை வீட்டில் குழந்தைகளோடு கழிக்க நினைப்பார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் கடன் விதி சொல்வது பணி முடிந்ததும் தவணை தொடங்க வேண்டும் என்று. வேலைக்குத் திரும்பாத அந்த இடைக்காலத்தில் சம்பளம் இல்லை, பிடித்தமும் இல்லை. சில திட்டங்கள் முதல் சம்பளம் வரை பொறுக்கும், சில பொறுக்காது. முன்பு சொன்ன காலாண்டு அவகாசம் பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் உங்கள் திட்டத்தில் அது குறைவாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் நான் சொல்வது, வங்கிக் கணக்கிலிருந்து நேராகத் தவணை கட்ட வழி இருக்கிறதா என்று கேட்டு, அந்த ஓரிரு தவணையைக் கையால் கட்டிவிடுங்கள். பணிக் காலத்துக்கு ஆதாரம், பணியிலிருந்து விடுவிக்கப்படும்போது அவருக்குக் கிடைக்கும் டிடி-214 படிவம். வந்த அன்றே அதன் நகலை ஹெச்ஆருக்கு அனுப்பினால்தான் கெடு எத்தனை நாள் நீள்கிறது என்று கணக்குப் போட முடியும்.

நிறுத்தி வைப்பது நல்லதா, தொடர்ந்து கட்டுவது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த அனுமதி இருந்தாலும் கட்டிக்கொண்டே வரத் தடை இல்லை. சில கம்பெனிகள் ராணுவச் சம்பளத்துக்கும் பழைய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுக்கின்றன, அதிலிருந்தும் தவணையைப் பிடிக்கச் சொல்லலாம். என் அபிப்பிராயம், நிறுத்தி வைத்துவிட்டு அந்த 410 டாலரை மாதாமாதம் தனியாகச் சேமியுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் ராணுவச் சம்பளம் சரியாக வந்து நிலைப்பதற்கே ஆகலாம், அந்த நேரத்தில் வீட்டில் கைக்காசு இருப்பதுதான் முக்கியம். திரும்பி வந்ததும் சேர்த்ததை மொத்தமாகக் கடனில் போட்டால் கடன் பழைய தேதிக்கு முன்பே முடிந்துவிடும். அவர் போகும் இடம் போர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் என்றால் இன்னொரு வசதி. அங்கே இருப்பவர்களுக்கான சேமிப்பு வைப்புத் திட்டத்தில் வருடம் 10 சதவீத வட்டி, 10,000 டாலர் வரை போடலாம். 6 சதவீதத்தில் நிற்கும் கடனை அவசரப்பட்டு அடைப்பதைவிட 10 சதவீதத்தில் அந்தப் பணத்தைப் போட்டுவைப்பது நல்ல கணக்கு. யூனிட்டின் நிதி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது இதைவிடப் பெரிய பணம் ஒன்று தவறிப் போய்விடுகிறது. அவர் இல்லாத 12 மாதத்தில் 401கேவில் போடாமல் விட்ட சந்தாவை, திரும்பி அதே கம்பெனியில் சேர்ந்தபின் போட்டு நிரப்ப உரிமை உண்டு. பணிக் காலத்தின் மூன்று மடங்கு, அதிகபட்சம் ஐந்து வருடம் அவகாசம். உங்களுக்கு அது 36 மாதம். அவர் போடுவதற்குத் தகுந்தாற்போல் கம்பெனியும் தன் பங்கைப் போட்டே ஆக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சந்தை தந்திருக்கக் கூடிய லாபம் கிடைக்காது, கம்பெனி போட வேண்டிய தொகை மட்டும்தான். திரும்பி வந்தபின் கையில் ஓரளவு பணம் இருந்தால், கடனை வேகமாக அடைப்பதற்கு முன் கம்பெனியின் பங்கு முழுதாகக் கிடைக்கும் அளவுக்கு இந்தச் சந்தாவைப் போடச் சொல்வேன். கடன் எப்படியும் நான்கு வருடத்தில் முடியும், அந்தப் பங்கு 36 மாதத்துக்குப் பிறகு கிடைக்காது.

போகும்போது ஹெச்ஆர் நீட்டும் காகிதங்களில் ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போடும் முன் நிதானியுங்கள். 30 நாளுக்கு மேல் ஆக்டிவ் டியூட்டியில் இருப்பவர், வேலையை விட்டவரைப் போல் தன் சந்தாப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று 2008-இல் வந்த ஹார்ட் சட்டம் அனுமதிக்கிறது. எடுத்தால் வரி உண்டு, ஆறு மாதம் சந்தா போட முடியாது. 179 நாளுக்கு மேல் அழைக்கப்பட்ட ரிசர்வ் வீரர்களுக்கு 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கும் வழியும் உண்டு, பணி முடிந்து இரண்டு வருடத்துக்குள் ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் திரும்பப் போடலாம். கடனுக்கு இதோடு என்ன சம்பந்தம் என்றால், "வேலையை விட்டவரைப் போல்" என்ற அந்த வாசகத்தைப் பார்த்துவிட்டு சில இடங்களில் நிஜமாகவே வேலையை விட்டதாகப் பதிவு செய்துவிடுகிறார்கள், கடன் முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடுகிறது. அந்த வாசகம் பணம் எடுப்பதற்கு மட்டும்தான். யூசெரா படி அவர் லீவில் இருக்கும் ஊழியர்.

திரும்பி வந்து அந்தக் கம்பெனியில் சேரவே போவதில்லை என்றால் கதை வேறு. அப்போது கடன் பாக்கியைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். அந்தத் தொகையை உங்கள் சொந்தக் காசிலிருந்து ஐஆர்ஏ கணக்கில் போட்டுவிட்டால் வரி இல்லை. கழித்த வருடத்தின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு வரை, நீட்டிப்போடு சேர்த்தால் மறு வருடம் அக்டோபர் 15 வரை, அவகாசம் உண்டு. வேலை மாற நினைப்பவர்கள் இதை இப்போதே மனதில் வைத்திருக்க வேண்டும்.

நான் மேலே சொன்னதெல்லாம் மத்திய அரசின் ஆர்டரில் ஆக்டிவ் டியூட்டிக்குப் போகிறவருக்கு. மாநிலங்களின் ராணுவப் படையான நேஷனல் கார்டில் இருப்பவரை மாநில கவர்னர் வெள்ளம், புயல் என்று அழைத்தால் எஸ்சிஆர்ஏவின் 6 சதவீத வரம்பு வராது. மாதாந்தர வார இறுதிப் பயிற்சிக்கும் அப்படியே. கோடைக்கால இரண்டு வாரப் பயிற்சியில் ஒரு தவணை தவறினால் நிறுத்தம் கேட்டு அலைவதைவிட அவகாசத்துக்குள் கட்டிவிடுவது சுலபம். உங்கள் கணவரின் ஆர்டர் எந்தச் சட்டத் தலைப்பின் கீழ் வந்திருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். மத்திய அரசின் பணியைக் குறிக்கும் டைட்டில் 10 என்று இருந்தால் இந்தப் பதில் அப்படியே பொருந்தும். நேஷனல் கார்டுக்கான டைட்டில் 32 என்று இருந்தால் ராணுவச் சட்ட உதவி அலுவலகத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் நிபந்தனைகள் உண்டு.

இதே கேள்வியோடு ஏற்கெனவே டீஃபால்ட் ஆகிவிட்டவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கும் வழி இருக்கிறது. திட்டத்தில் நிறுத்த அனுமதி இருந்தும் கம்பெனியோ கணக்கு நிறுவனமோ செய்யத் தவறியிருந்தால் அது அவர்கள் பிழை. வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் திருத்தத் திட்டத்தில் அதைச் சரிசெய்யலாம். தவறிய தவணைகளை மொத்தமாகக் கட்டியோ, மிச்சக் காலத்துக்குப் பரப்பியோ கடனைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, 1099-ஆர் படிவத்தையும் திருத்தச் சொல்லலாம். 2022-இன் செக்யூர் 2.0 சட்டத்துக்குப் பின் இந்த மாதிரிக் கடன் பிழைகளைக் கம்பெனிகள் தாங்களே திருத்திக்கொள்வது இன்னும் சுலபமாகியிருக்கிறது. கேட்க வேண்டியது கம்பெனியிடம்தான், கணக்கு நிறுவனத்தின் கால் சென்டரில் கேட்டால் "எங்களால் முடியாது" என்றுதான் பதில் வரும். திட்டத்தில் நிறுத்த அனுமதியே இல்லாமல் தவணை தவறியிருந்தால் இந்த வழி கிடைப்பது கஷ்டம்.

கம்பெனி எதற்கும் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் முதலில் ராணுவத் துறையின் ஈஎஸ்ஜிஆர் அமைப்பை அணுகுங்கள். ரிசர்வ் வீரருக்கும் முதலாளிக்கும் நடுவில் இலவசமாகச் சமரசம் பேசுவதே அவர்கள் வேலை, ஒரு போன் காலிலேயே பல விஷயம் தீர்ந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் வேலை உரிமைக்குத் தொழிலாளர் துறையின் வெட்ஸ் பிரிவு, 401கே திட்டம் சம்பந்தப்பட்டதற்கு அதே துறையின் ஈபிஎஸ்ஏ பிரிவு. இரண்டிலும் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. திட்ட ஆவணம் கைக்கு வந்தபின் கடன் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெயர், கணக்கு எண் எதுவும் இல்லாமல் இங்கே போடுங்கள். அதை வைத்து இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.